மைக்ரோடோனல் கிட்டார்: அந்தக் கூடுதல் ஃப்ரெட்டுகள் கேட்பவருக்கு எதற்கு?

கேள்வி இதுதான்: சாதாரண கிட்டாரில் ஒரு ஸ்தாயிக்கு, அதாவது ஸ-விலிருந்து மேல் ஸ வரை, 12 ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) இருக்கும்போது, அந்த 12-க்கு வெளியே உள்ள நுண் ஸ்வரங்களுக்காக 24, 31 என்று நெருக்கி அடித்த மைக்ரோடோனல் கிட்டார் எதற்கு, இவ்வளவு சிக்கலான இசை சும்மா பாட்டு கேட்கிற ஒருவருக்குப் பிடிக்குமா, இல்லை வாசிப்பவர்கள் தங்களுக்குள் மெச்சிக்கொள்கிற வித்தையா. இதில் இரண்டு விஷயம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. மைக்ரோடோனல் என்றாலே சிக்கல் என்று முதலில் எடுத்துக்கொண்டு, அப்புறம் சிக்கல் பிடிக்குமா என்று கேட்கிறீர்கள். நான் பல வருடங்களாக இந்தக் கிட்டார்களோடு மல்லுக்கட்டுகிறேன், ஒன்றின் ஃப்ரெட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு 31 ஆக மாற்றி அடித்தும் வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொன்னால் முதல் பாதியே பெரும்பாலும் தவறு. அங்கிருந்து தொடங்குகிறேன், கொஞ்சம் நீளும்.

உங்களிடம் கிட்டார் இருந்தால் ட்யூனர் வைத்து ஆறு கம்பியையும் துல்லியமாகச் சேருங்கள். பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கிற கார்டுகளில் ஒன்றான ஈ மேஜரைப் பிடித்து மெதுவாக ஒவ்வொரு கம்பியாக மீட்டுங்கள். மூன்றாவது கம்பியின் முதல் ஃப்ரெட், அதாவது ஈ-யை ஸட்ஜமாக, அடிப்படை ஸ்வரமாக வைத்தால் அதன் அந்தர காந்தாரம், லேசாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கார்டு ஒரு இடத்தில் உட்காராமல் அலையடிக்கும். காது பொறுக்காமல் மூன்றாவது கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினால் ஈ மேஜர் அவ்வளவு இனிமையாக வந்து படியும். சரி, இப்போது ஜி மேஜரைப் பிடியுங்கள். அதே மூன்றாவது கம்பி அங்கே திறந்த கம்பியாக ஒலிக்கிறது, கீழே இருக்கிற ஜி-யோடு ஒட்டவே ஒட்டாது. மறுபடி ஏற்ற வேண்டும், மறுபடி ஈ மேஜர் கெடும். கிட்டார் வாசிக்கிற எல்லோரும் ஒருநாள் இந்த வட்டத்தில் சுற்றியிருப்பார்கள், கிட்டாரில்தான் கோளாறு என்று நினைத்துப் புதிது வாங்கியவர்களும் உண்டு.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று வைத்துக்கொள்கிறோம், அதை 12 சமமான படியாக வெட்டினால் ஒரு ஃப்ரெட்டுக்கு 100 சென்ட். ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இயற்கையான விகிதம் 3:2, அது 702 சென்ட். கிட்டார் கொடுப்பது 700, யாருக்கும் தெரியாத வித்தியாசம். ஆனால் அந்தர காந்தாரத்தின் இயற்கை விகிதம் 5:4, அதாவது 386 சென்ட், கிட்டார் கொடுப்பதோ 400. 14 சென்ட் அதிகம். தனியாக மெட்டு வாசிக்கும்போது இது உறுத்தாது, கார்டாக மற்ற ஸ்வரங்களோடு சேர்ந்து நிற்கும்போதுதான் அலையடிக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ராக் கிட்டாரில் டிஸ்டார்ஷன், அதாவது ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவதை, ஏற்றிவிட்டால் ஏன் எல்லோரும் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் உள்ள பவர் கார்டுக்குப் போய்விடுகிறார்கள்? டிஸ்டார்ஷன் இரண்டு ஸ்வரங்களை வாங்கி, அவற்றின் அதிர்வெண் வித்தியாசத்தையும் ஒரு புதுச் சத்தமாகக் கீழே உண்டாக்குகிறது. 5:4 சுத்தமாக இருந்தால் வித்தியாசம் 1, அதாவது அதே ஸட்ஜம் இரண்டு ஸ்தாயி கீழே, அடியில் ஒரு தூண் மாதிரி நிற்கும். 12 சம ஸ்வரத்தில் விகிதம் 1.26 ஆகிவிடுவதால் அந்த அடிச் சத்தம் கிட்டத்தட்ட 67 சென்ட் மேலே தவறிப் போய், ஸட்ஜத்தோடு உரசுகிறது. மேலே 14 சென்ட் பிசகு, கீழே முக்கால் ஃப்ரெட்டை நெருங்கும் பிசகு. டிஸ்டார்ஷனில் மேஜர் கார்டு குழைந்த சேறு மாதிரி கேட்பதற்கு இது பெரிய காரணம். 31 ஃப்ரெட் கிட்டாரில் அதே கார்டை அதே டிஸ்டார்ஷனோடு அடித்தால் ஆர்கன் மாதிரி எழுந்து நிற்கிறது, ஏனென்றால் 31 சமப் படியில் காந்தாரம் 387 சென்ட்டில் விழுகிறது. அதை முதல்முறை கேட்டபோது நான் கையை எடுக்காமல் அந்த ஒரே கார்டை ரொம்ப நேரம் அடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்லுங்கள், இதில் எது சிக்கல்? 5:4 என்பது 1.26-ஐ விட எளிமையான விகிதம். ஃப்ரெட் பலகையைப் பார்த்தால் கண்ணுக்குச் சிக்கலாக இருக்கிறது, காதுக்கு வருவது முன்னைவிட அமைதியான கார்டு. மைக்ரோடோனல் என்ற சொல்லுக்குள் இப்படி, இருக்கிற ஸ்வரத்தை இன்னும் சுத்தமாக்குகிற வேலையும் இருக்கிறது, இதுவரை கேட்காத ஸ்வரத்தைக் கொண்டுவருகிற வேலையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம்.

கிட்டாருக்கு என்று தனியாக ஒரு கஷ்டம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் ஸ்தாயியை 19, 31, 53 என்று சமப் படிகளாகப் பிரிப்பது ஏன் என்று புரியும். பியானோவில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். கிட்டாரில் ஒரு ஃப்ரெட் ஆறு கம்பிக்கும் குறுக்கே நேராகப் போகிறது. ஒரு கம்பிக்காக அதைக் கொஞ்சம் நகர்த்தினால் மற்ற ஐந்தும் கூடவே நகரும். அதனால் நேரான ஃப்ரெட்டுக்கு வசதி எப்போதும் சமமான படிகள்தான். கிட்டாருக்கு முந்தைய கம்பிக் கருவியான லூட் காலத்திலேயே இந்த நெருக்கடி இருந்தது, 1581-இல் வின்சென்சோ கலிலேய், விஞ்ஞானி கலிலியோவின் அப்பா, ஒவ்வொரு ஃப்ரெட்டையும் 18:17 விகிதத்தில் வைக்கச் சொல்லி எழுதினார், அது 99 சென்ட், இன்றைய 100-க்கு ஒட்டி வருகிறது. விகிதங்கள் சுத்தமாகவே வேண்டும் என்றால் ஃப்ரெட்டை ஒவ்வொரு கம்பிக்கும் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். 1829-இல் தாமஸ் பெரோனே தாம்ப்சன் என்ற ஆங்கிலேயர் துண்டு ஃப்ரெட்டுகளை இடம் மாற்றிச் செருகும்படி ஒரு கிட்டாரை வடிவமைத்து, அதை வாசிக்கத் தன் மகளுக்குக் கற்றுத்தருவது போல ஒரு புத்தகமும் எழுதினார். துருக்கியைச் சேர்ந்த டோல்கஹான் சோவுலு 2008-இல் செய்த கிட்டாரிலும் அதே யோசனைதான் இன்னும் நயமாக வருகிறது, ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஓடுகிற தடத்தில் சின்னச் சின்ன ஃப்ரெட்டுகளைத் தள்ளி வைக்கலாம், வேண்டிய இடத்தில் சேர்க்கலாம், எடுக்கலாம். பிறகு அவரும் அவர் மகனும் லெகோ துண்டுகளை வைத்தே ஃப்ரெட் பலகை செய்து காட்டினார்கள். அவருக்கு முன்பே அதே நாட்டின் எர்கான் ஓவுர் 1976-இல் ஃப்ரெட்டே இல்லாத கிளாசிக்கல் கிட்டாருக்குப் போய்விட்டார், அது இன்னொரு வழி.

சமப் படிகளில் எத்தனை என்பது விரலைப் பொறுத்த கேள்வி. 648 மில்லிமீட்டர் கம்பி நீளமுள்ள கிட்டாரில் முதல் ஃப்ரெட்டுக்குச் சுமார் 36 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது, 12ஆவது ஃப்ரெட்டைத் தாண்டினால் அது 18 ஆகிவிடும். 24 படி என்றால் தொடக்கத்தில் 18, ஸ்தாயி தாண்டி 9. 31 என்றால் 14, அப்புறம் 7. விரல் நுனியே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், ஆகவே 31-இலேயே மேல் பகுதியில் விரலை ஃப்ரெட்டின் மீது சாய்த்துத்தான் வாசிக்க முடியும், 53-க்குப் போனால் தொடக்கத்திலேயே 8 மில்லிமீட்டர்தான், என்னால் முடியவில்லை. 19 நல்ல சமரசம், இடைவெளி 23 மில்லிமீட்டர், அந்தர காந்தாரத்துக்கு அடுத்துக் கீழே நிற்கிற 'சாதாரண காந்தாரம்' என்ற ஸ்வரம் அதில் 316 சென்ட், 6:5 என்ற இயற்கை விகிதத்தோடு அப்படியே பொருந்துகிறது, ஆனால் பஞ்சமம் 695-க்கு இறங்கிவிடுவதால் பழகாத காதுக்குக் கொஞ்சம் சோர்ந்து ஒலிக்கும். எனக்குப் பார்த்ததிலேயே புத்திசாலித்தனமாகத் தோன்றுவது கைட் கிட்டார் என்கிற அமைப்பு: ஸ்தாயிக்கு 41 படி, ஆனால் ஒன்று விட்டு ஒன்று ஃப்ரெட்டை எடுத்துவிடுகிறார்கள், கம்பிகளை 13 படி இடைவெளியில் சேர்க்கிறார்கள், 13 ஒற்றைப்படை என்பதால் ஒரு கம்பியில் விட்டுப்போன ஸ்வரங்கள் அடுத்த கம்பியில் கிடைத்துவிடும்.

எந்தச் செலவும் இல்லாமல் இதைக் கேட்க வேண்டுமா? சாதாரண கிட்டாரில் ஏதாவது ஒரு கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டுக்குச் சற்று முன்னால், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டி, உடனே விரலை எடுங்கள். கம்பியின் ஏழில் ஒரு பங்கு இடம் அது, ஏழாவது ஹார்மானிக், அதாவது திறந்த கம்பியின் ஏழு மடங்கு அதிர்வெண், கேட்கும். ஒரே ஸ்தாயிக்குள் இறக்கினால் அது 7:4, 969 சென்ட். கிட்டாரில் அதற்கு அருகே உள்ள ஸ்வரமான கைசிகி நிஷாதம் 1000. ஹார்மானிக் அதைவிட 31 சென்ட் கீழே. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் ஹார்மானிக் சாந்தமாகவும் ஃப்ரெட்டில் வருவது எங்கோ கிளம்பிப் போகத் துடிப்பதாகவும் தெரியும். எல்லாக் கிட்டாரிலும், எல்லாக் கம்பியிலும், இந்த ஸ்வரம் முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

இனி இரண்டாவது பாதி. சிக்கலான இசை கேட்பவருக்குப் பிடிக்குமா?

முதலில், ஃப்ரெட்டுக்கு நடுவில் உள்ள ஸ்வரங்களை மக்கள் எப்போதும் ரசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ப்ளூஸ் வாசிப்பவர் சாதாரண காந்தாரத்தை அழுத்தி அந்தர காந்தாரத்துக்குப் போகாமல் நடுவில் நிறுத்துகிறாரே, அந்த நடு இடம் இல்லாமல் ப்ளூஸே இல்லை. அரபு இசையில் ராகம் மாதிரியான ராஸ்த் மகாமின் காந்தாரம் ஏறக்குறைய 350 சென்ட் பக்கத்தில் நிற்கிறது, அதை வாசிக்கிற 'ஊத்' என்ற கம்பிக் கருவிக்கு ஃப்ரெட்டே கிடையாது. வீணையில் மெட்டுக்கள், அதாவது அதன் ஃப்ரெட்டுகள், 12 ஸ்வரக் கணக்கில்தான் இருக்கின்றன, ஆனால் கம்பியை இழுத்துத் தோடியின் காந்தாரத்தை அசைக்கும்போது அது எந்த மெட்டிலும் நிற்பதில்லை. இவற்றைக் கேட்கிற யாரும் சென்ட் எண்ணுவதில்லை, சிக்கலாக இருக்கிறதே என்று எழுந்து போவதும் இல்லை. அசைந்து போகிற நுண் ஸ்வரத்தைக் காது பாவமாக, குரலின் உணர்ச்சியாக எடுத்துக்கொள்கிறது. அதே ஸ்வரத்தை ஃப்ரெட்டில் நிறுத்தி, கார்டில் அடுக்கி, நேராக நீட்டினால்தான் பழகாத ஒருவருக்கு அபஸ்வரம் என்று தோன்றுகிறது. மைக்ரோடோனல் கிட்டார் செய்வது சரியாக அந்த வேலையை, அதனால்தான் இந்தக் கேள்வி குழலுக்கோ வயலினுக்கோ வராமல் கிட்டாருக்கு வருகிறது.

அந்த முதல் அதிர்ச்சி எவ்வளவு நிலையானது என்பதைச் சிலர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். போலன்-பியர்ஸ் என்று ஒரு ஸ்வர அமைப்பு இருக்கிறது, அதில் ஸ்தாயியே கிடையாது, 3:1 இடைவெளியை 13 ஆகப் பிரிக்கிறது, ஒரு படி 146 சென்ட், எந்த நாட்டு இசையிலும் பழகியிராத ஒன்று. ஆய்வாளர் சைக்கி லூயி தன் கூட்டாளிகளோடு இந்த அமைப்பில் மெட்டுகளை உருவாக்கி, சுமார் அரை மணி நேரம் ஆட்களுக்குக் கேட்க வைத்தார், 2010-இல் வெளியான ஆய்வு. நிறைய வெவ்வேறு மெட்டு கேட்டவர்கள் அந்த இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு, கேட்காத புது மெட்டுகளையும் சரியாக அடையாளம் கண்டார்கள். கொஞ்சமே மெட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்கு அந்த மெட்டுகள் பிடிக்கத் தொடங்கின. புரிவதற்கு வகை வேண்டும், பிடிப்பதற்கு மறுபடி மறுபடி வர வேண்டும். இதைப் படித்தபோது என் சொந்த வாசிப்பில் பல வருடத் தவறு எங்கே இருந்தது என்று தெரிந்தது. புது ஸ்வரங்கள் கையில் இருக்கிற உற்சாகத்தில் எதையும் இரண்டு தடவை வாசித்ததே இல்லை நான்.

எலிசபெத் மார்குலிஸ் 2013-இல் செய்தது இன்னும் துணிச்சலான சோதனை. பெரியோ, கார்ட்டர் போன்ற 20ஆம் நூற்றாண்டின் கடினமான இசையமைப்பாளர்களின் பதிவுகளை எடுத்து, சில துணுக்குகளை வெட்டி, திரும்ப வரும்படி ஒட்டினார். எந்த இசை நோக்கமும் இல்லாமல் கணினியில் ஒட்டிய வேலைதான். கேட்டவர்கள் மூலத்தைவிட அந்த ஒட்டுப்போட்ட வடிவம் இனிமையாக, சுவாரஸ்யமாக இருப்பதாகச் சொன்னார்கள், அதை மனிதர் எழுதியிருக்கும் வாய்ப்பு அதிகம் என்றும் சொன்னார்கள். இசையமைப்பாளர்கள் சிலருக்கு இது கசப்பாக இருக்கும், ஆனால் கேட்பவர் அறிவில் குறைந்தவர் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு புது வடிவத்தைப் பிடிக்க அது இன்னொரு முறை முன்னால் வர வேண்டும், அவ்வளவுதான்.

இனிமை என்பதே காதுக்குள் பிறவியிலேயே எழுதப்பட்டதா என்ற கேள்வியும் இங்கே வரும். 2016-இல் ஜோஷ் மெக்டெர்மாட் குழு பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் சோதித்தபோது, மேற்கத்தியக் காதுக்கு இனிமையான கார்டும் உறுத்துகிற கார்டும் அவர்களுக்கு ஒரே அளவில்தான் பிடித்திருந்தன. கரகரப்பான ஒலி அவர்களுக்கும் பிடிக்கவில்லை, ஆனால் கார்டு விஷயத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. ஆகவே நான் மேலே 5:4 அமைதியாக இருக்கிறது என்று சொன்னதிலும் பழக்கத்தின் பங்கு இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். அலையடிப்பது பௌதிகம், அது தொந்தரவாகப் படுவது வளர்ப்பு.

சிக்கலின் அளவு பற்றி உளவியலாளர் டேனியல் பெர்லைன் 1971-இல் எழுதியது இன்னும் பயன்படுகிறது: எளிமை கூடினால் சலிப்பு, சிக்கல் கூடினால் எரிச்சல், நடுவில் ஒரு மேடு, அங்கேதான் ரசனை. தாளத்தில் இது அப்படியே பலித்தது, 2014-இல் மரியா விடெக் ட்ரம் துணுக்குகளை வைத்துப் பார்த்தபோது அடி தவறி விழுவது நடுத்தரமாக இருந்தால்தான் ஆடத் தோன்றியது, சந்தோஷமும் அங்கேதான் அதிகம். ஆனால் அந்த மேடு எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை, ஒருவருக்கே பத்து முறை கேட்ட பின் அது நகர்ந்துவிடும். இதையெல்லாம்விட எனக்கு வேலைக்கு ஆகிற விஷயம் வின்சென்ட் சியுங் குழு 2019-இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் வந்த பாடல்களின் கார்டுகளை வைத்துக் கண்டது. அடுத்து என்ன வரும் என்று கேட்பவர் உறுதியாக இருக்கும்போது எதிர்பாராதது வந்தால் பிடிக்கிறது. குழம்பியிருக்கும்போது எதிர்பார்த்ததே வந்தால் அதுவும் பிடிக்கிறது. குழம்பியிருப்பவருக்கு மேலும் ஒரு அதிர்ச்சி கொடுத்தால்தான் ஆள் தொலைந்துபோகிறார்.

மக்களிடம் போய்ச் சேர்ந்த சிக்கலான இசை எல்லாமே இந்தக் கணக்கில் வருகிறது. டேவ் ப்ரூபெக் குழு 1959-இல் ஐந்து அடிச் சுற்றான 5/4 தாளத்தில் பதிவு செய்த பாடல் ஜாஸ் கேட்காதவர்களுக்கும் தெரியும், அதில் பியானோ ஒரே ஒரு வடிவத்தை விடாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது, ஐந்தை எண்ணத் தெரியாதவர்கூட அதைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். மெல்போர்னைச் சேர்ந்த கிங் கிஸர்ட் அண்ட் த லிஸர்ட் விஸர்ட் என்ற ராக் குழுவினர் 2017-இல் கால் ஸ்வர ஃப்ரெட்டுகள் (50 சென்ட் இடைவெளி) கொண்ட கிட்டாரில் ஒரு முழு ஆல்பமே வெளியிட்டார்கள், பாக்லாமா என்ற துருக்கியக் கம்பிக் கருவியின் ஃப்ரெட் முறையிலிருந்து பிறந்த யோசனை அது. கேட்டுப் பாருங்கள், ஸ்வரங்கள்தான் புதிது. தாளம் ஒரே பிடியில் ஓடுகிறது, அடியில் ஸ்ருதி நகராமல் நிற்கிறது, ரிஃப் என்கிற சின்ன மெட்டுத் துண்டு ஒன்று மனப்பாடம் ஆகும்வரை திரும்ப வருகிறது. மைக்ரோடோனல் என்ற சொல்லையே கேள்விப்படாத ஆயிரக்கணக்கானவர்கள் அதற்கு ஆடினார்கள்.

தோற்றுப்போகிற மைக்ரோடோனல் இசையை நான் நிறையவே கேட்டிருக்கிறேன், அன்போடுதான் கேட்டேன், அதில் என்னுடையதும் உண்டு. ஸ்வரம் புதிது, தாளம் 13/8, கார்டு இரண்டு நொடிக்கு ஒருமுறை மாறுகிறது, ஒலியும் புதுச் சத்தம். எல்லா மாடியும் ஒரே நேரத்தில் ஆடுகிறது, கேட்பவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? அதோடு 31 ஸ்வரம் இருக்கிறது என்பதால் 31-ஐயும் காட்ட வேண்டும் என்கிற ஆசை வேறு. பியானோவில் 88 கட்டை இருக்கிறது என்று யாரும் ஒரு பாட்டில் 88-ஐயும் அடிப்பதில்லை.

எல்லா இசையும் எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்க இசையமைப்பாளர் மில்டன் பாபிட் 1958-இல் எழுதிய கட்டுரை, நீங்கள் கேட்டால் என்ன கேட்காவிட்டால் என்ன என்கிற தொனியில் ஒரு தலைப்போடு வந்து இன்றும் திட்டு வாங்குகிறது, அந்தத் தலைப்பு பத்திரிகை ஆசிரியர் வைத்தது, பாபிட் வைத்த பெயர் 'நிபுணராக இசையமைப்பாளர்' என்பதுதான். இசையின் எல்லையில் தனியாக ஆராய்ச்சி செய்ய ஆட்கள் வேண்டும் என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இன்னொரு அமெரிக்க இசையமைப்பாளர் ஹாரி பார்ட்ச் ஸ்தாயிக்கு 43 ஸ்வரம் வைத்து, கிட்டாரை மாற்றியமைத்து, அப்புறம் கருவிகளையே புதிதாகச் செய்து வாழ்நாளைக் கழித்தார். கூட்டம் சேரவில்லை என்பதற்காக அந்த உழைப்பை வித்தை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. ஆனால் கேட்பவர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டே, அவர் வராததற்குக் கூடுதல் ஃப்ரெட்டுகளைக் காரணம் சொல்வது சரியில்லை.

நீங்களே முயன்று பார்க்க நினைத்தால் உடனே புதுக் கிட்டார் வாங்க வேண்டாம், ஃப்ரெட்டைப் பிடுங்கவும் வேண்டாம். இரண்டு கிட்டாரை எடுத்து, ஒன்றை ட்யூனரில் 50 சென்ட் ஏற்றிச் சேருங்கள், இன்னொருவரோடு உட்கார்ந்து வாசியுங்கள், 24 ஸ்வரமும் கையில் வந்துவிடும். இசையமைப்பாளர் சார்ல்ஸ் ஐவ்ஸ் 1920-களில் இரண்டு பியானோவைக் கால் ஸ்வரம் தள்ளிச் சேர்த்து இதே வழியில்தான் எழுதினார். ஒருவர் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் விடாமல் மீட்டட்டும். மற்றவர் தன் கிட்டாரிலிருந்து ஒரே ஒரு ஸ்வரத்தை, 350 சென்ட்டில் விழுகிற அந்த நடுக் காந்தாரத்தை எடுத்து, நாலைந்து ஸ்வர ரிஃப் ஒன்றில் பொருத்தி பத்து நிமிடம் மாற்றாமல் வாசிக்கட்டும். முதல் இரண்டு நிமிடம் தப்பாக ஒலிக்கும், பிறகு சரியாகிவிடும், பத்து நிமிடம் கழித்து வழக்கமான அந்தர காந்தாரத்தை அடித்தால் அதுதான் கூர்மையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பக்கத்து அறையில் இருப்பவரிடம் எதுவும் விளக்காமல், இந்த ரிஃப் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். நான் கேட்டவர்களில் ஒருவர்கூட ஸ்வரத்தைப் பற்றிப் பேசவில்லை, ஒருவர் மட்டும் இது எந்த ஊர்ப் பாட்டு என்று கேட்டார்.